இரண்டு முறை சிமிட்டிய விளக்கு

அத்தியாயம் 5

“இதுல எந்த பல்புக்கு அக்கா குற்றவாளி மூஞ்சி?” என்று கேட்டான் போஷ்கோ.

யாகோடாவின் உதிரிபாகக் கடையில், கண்ணாடி மேஜைமேல் மூன்று பல்புகள் வரிசையாக நின்றன. டானிட்சா ஒவ்வொன்றையும் குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரன் பார்க்க வந்த பெரியம்மா தோற்றுப்போவாள்.

கமேனிட்சா நகரத்தில் துப்பறியும் உரிமம் வைத்திருப்பது டானிட்சா ஒருத்திதான். போஷ்கோ அவளுடைய சித்தி மகன். கார் ஓட்டுவது, கூட்டத்தில் கலப்பது, வாயை மூடாமலிருப்பது ஆகியவை அவன் வேலைகள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை, அவனாகச் செய்தான்.

வழக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை, டோலாட்ஸ் கிராமத்தில் ஷிவோயின் வீட்டுச் செப்புக் கொப்பரை திருடு போய்விட்டது. பிளம் பழம் அழுகி நுரைத்து, ஊர் முழுக்கத் தொட்டிகள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற பருவம். அந்த ஒரு கொப்பரையில்தான் எல்லா வீட்டு ரக்கியாவும், அதாவது பழச்சாராயமும், காய்ச்சி இறக்குவார்கள். இன்னும் சில நாள் தள்ளினால் தொட்டிகளில் இருப்பது காடியாகிவிடும். சர்ச் மணியைத் திருடியிருந்தால்கூட ஊர் இவ்வளவு அழுதிருக்காது.

சார்ஜென்ட் ஓப்ராத் உடனே நகரத்து எல்லையில், ஆற்றுப்பாலத்தருகே, போலீஸ் காரை நிறுத்திக் காத்திருந்தார். டோலாட்ஸிலிருந்து இறங்க வேறு ரோடு கிடையாது, பின்னால் மலை. ஆனாலும் திருடன் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரொட்டி வண்டிக்காரன் கோஸ்தாதான் வந்தான். அவன் வாக்குமூலம் தெளிவாக இருந்தது. தனக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் போனது. பின்கதவில் வலது பக்கம் நசுங்கல், பக்கத்தில் கால்பந்து ஸ்டிக்கர். ரயில் கேட்டருகே எதிரே வந்த ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை லைட் அடித்தது. உடனே அந்த வேன் பழத்தோட்டப் பாதையில் திரும்பி ஓடிவிட்டது.

எதிரே வருகிறவன் இரண்டு தடவை லைட் அடித்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். இது எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எல்லோரும் மதிக்கிற சட்டம் இது ஒன்றுதான். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்கூட ரோட்டில் ஒருவருக்கொருவர் லைட் அடித்துக்கொள்வார்கள்.

அந்த மாலையில் பாலத்தைத் தாண்டி டோலாட்ஸ் பக்கம் போன மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். ஓட்டியவன் மோமிர். ஞாயிற்றுக்கிழமை ஷிவோயினின் மகள் நேவெனாவைக் கைப்பிடிக்கப் போகிறவன்.

திருடனுக்கு ஜாடை காட்டினவன் கூட்டுக்களவாணிதான் என்றார் ஓப்ராத். சனிக்கிழமை காலை வழக்குக் கட்டு மேலே போய்விடும். கொப்பரையைத் தூக்கினவன் கூட்டாளிக்குப் பெண் கிடையாது என்றார் ஷிவோயின். நேவெனா அழவில்லை. நேராக பஸ் ஏறி டானிட்சாவிடம் வந்துவிட்டாள்.

இன்றைக்கு வியாழன். மோமிர் தான் லைட்டே அடிக்கவில்லை என்று அம்மாமேல் சத்தியம் செய்கிறான். வண்டியில் புதிதாக என்ன மாற்றினாய் என்று டானிட்சா கேட்டதற்கு, பல்பு என்று ஒரே வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

யாகோடா பல்பு விற்கும்போது பாட்டுப் பாடுகிறவள் மாதிரி ஆகிவிடுவாள். முதல் பல்பைத் தூக்கினாள். நீலக் கண்ணாடி. எரியும்போது பளீரென்று வெள்ளையாகத் தெரியும்; ஆனால் அந்த நீலப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். “கண்ணுக்குத்தான் கல்யாணம், ரோட்டுக்கு இல்ல,” என்றாள்.

“இத வாங்குறவங்க இருக்காங்களா?” என்று கேட்டான் போஷ்கோ.

“நிறுத்தி வெச்சு அழகு பார்க்குற பசங்க எல்லாம்.”

இரண்டாவது, சாதாரணக் கண்ணாடி. உள்ளே இழையை மெல்லிசாக, நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அதே மின்சாரத்தில் அதிக வெளிச்சம்; ஆயுசு மட்டும் குறைவு. மோட்டார் சைக்கிளின் குலுக்கல் அதற்கு எமன். அதனால் கையோடு ஒன்றும் பையோடு ஒன்றும் வாங்கிப் போகச் சொல்வது யாகோடாவின் வழக்கம்.

மூன்றாவது எல்.இ.டி. அதற்கு இழை கிடையாது; பட்டாணி அளவு மஞ்சள் பொட்டுகள் தகட்டில் ஒட்டியிருந்தன. மோமிர் வாங்கியது இதைத்தான். டோலாட்ஸ் ரோட்டில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. போனவாரம் ஒரு முள்ளெலி வண்டிக்கு அடியில் போய், அதுவும் அவனும் தப்பித்தது அதிர்ஷ்டம். பெரிதாக வெளிச்சம் வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றதை யாகோடா நடித்தே காட்டினாள். தெருவுக்கு அனுமதி இல்லை என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்தும் காட்டினாளாம். அவன் காதில் விழவில்லையாம்.

டானிட்சா பழைய பல்பு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். “போஷ்கோ, உள்ள என்ன தெரியுது?”

“ரெண்டு கம்பி. ஒரு கம்பிக்கு அடியில குட்டி ஸ்பூன்.”

“அந்த ஸ்பூன்தான்டா விஷயம்.”

விஷயம் இப்படி. பல்புக்குப் பின்னால் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தின் மேல்பாதியில் பட்ட வெளிச்சம் கீழே ரோட்டுக்குப் போகும். கீழ்ப்பாதியில் பட்டது மேலே, எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போகும். டிம் போடும்போது கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் மறைக்கத்தான் அந்தக் கரண்டி. இழை எங்கே இருக்கும் என்று இம்மி பிசகாமல் கணக்குப் போட்டுத்தான் கிண்ணத்தையே வளைத்திருப்பார்கள். இப்போது இழையை எடுத்துவிட்டுப் பட்டாணிப் பொட்டை வைத்தால், வெளிச்சம் பெரிது. இடம் கொஞ்சம் தள்ளி. கரண்டிக்கு ஓரத்திலும் வழியும். கிண்ணத்துக்கு அது புரியாது. பழைய பழக்கத்தில் கண்ட பக்கமும் அள்ளி வீசும்.

“அதாவது, புது மருமகளுக்குப் பழைய மாமியார் வீட்டு அலமாரி,” என்றான் போஷ்கோ.

யாகோடா சிரித்தாள். டானிட்சா ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

அன்று அந்தி சாயும் நேரத்தில் ரயில் கேட்டில் பரீட்சை. ரயில் நின்றுபோய்ப் பல வருஷமாகியும் தண்டவாளங்கள் மட்டும் ரோட்டுக்குக் குறுக்கே முதுகைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. ஓப்ராத் போலீஸ் காரில் வந்திருந்தார். எனக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்தில் எழுதியிருந்தது; ஆனால் வேறு வேலை இல்லை. யாகோடாவும் கடையைச் சாத்திவிட்டுத் தன் சின்ன சிவப்புக் காரில் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

ஓப்ராத் டோலாட்ஸ் பக்கத்திலிருந்து மெதுவாக வர, மோமிர் எதிரே வந்து தண்டவாளத்தைத் தாண்டினான். தடக், தடக். வெளிச்சம் வெள்ளையாக, தாழ்வாக, ஒழுக்கமாக ரோட்டிலேயே கிடந்தது. ஒரு நடுக்கம் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஓப்ராத் கண்ணாடியை இறக்கினார். “இதுக்குப் பேரு லைட் அடிக்கறதா அம்மா?”

மோமிர் வண்டியை நிறுத்திவிட்டு, தூக்குமேடையைப் பார்க்கிறவன் மாதிரி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டானிட்சா மட்டும் அவன் வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாள். பின்சீட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புத் தட்டில் கயிறு தேய்த்த தடம் பளபளவென்று புதிதாக இருந்தது.

“செவ்வாய்க்கிழமை இதுல என்ன கட்டிட்டுப் போன?”

மோமிரின் காது சிவந்தது. ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லாததை இவ்வளவு இறுக்கமாகக் கட்டுவானேன் என்று அவள் கேட்டாள். அவன் ஓப்ராத்தைப் பார்த்தான், யாகோடாவைப் பார்த்தான். டானிட்சா அவனை ஓரமாகக் கூட்டிப் போனாள். போஷ்கோ கூப்பிடாமலே கூடப் போனான்.

“பீரு அக்கா,” என்றான் மோமிர், சர்ச்சில் பாவம் சொல்லும் குரலில். “ரெண்டு கிரேட் பாட்டில்.”

ரக்கியா ஒரு மடக்கு உள்ளே போனால் அவனுக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலைவரை விடாது. அதை ஷிவோயினிடம் எப்படிச் சொல்வது? தாத்தா காலத்திலிருந்து கொப்பரை வைத்திருக்கிற வீடு. அந்த வீட்டு மாப்பிள்ளை பீர் குடிக்கிறான் என்று தெரிந்தால், ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதனால்தான் தார்ப்பாயால் மூடி, நேவெனாவின் நிலவறையில் ஒளித்து வைக்கக் கொண்டுபோனான். கல்யாணத்தன்று யாரும் பார்க்காதபோது ஒரு வாய் நனைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

“திருடன்னு சொன்னாக்கூடப் பரவால்லன்னு இத மறைச்சியா?” என்று கேட்டான் போஷ்கோ.

“நீ அவரோட உக்காந்து குடிச்சதில்ல.”

டானிட்சாவின் முகத்தில் விளக்கெரிந்தது. அவள் போஷ்கோவின் உடம்பை ஒருமுறை மேலிருந்து கீழாக அளந்தாள். அந்தப் பார்வை போஷ்கோவுக்குப் பிடிக்கவில்லை.

“பின்னாடி ஏறுடா.”

“நான் உங்க உதவியாளன் அக்கா, ரெண்டு கிரேட் பீர் இல்ல.”

“எடையில நீ நாலு கிரேட். ஏறு.”

பின்னால் பாரம் ஏறினால் பின்ஸ்பிரிங் அமுங்கும். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும். மூக்கோடு ஹெட்லைட்டும் தூக்கும். விளக்கில் அது விரல்கடை அளவுதான். ஆனால் வெளிச்சம் போகப்போக அந்த விரல்கடை வளர்ந்து, தூரத்தில் ஆள் உயரமாகிவிடும். சுவரில் டார்ச் அடித்து மணிக்கட்டை லேசாகத் திருப்பிப் பார்த்த குழந்தைக்குத் தெரியும் இந்தக் கணக்கு. இப்போது அந்த வெளிச்சம் எதிரே வருகிறவன் தாடைக்குக் கீழே வந்து நிற்கிறது. கண்ணுக்கு ஏற இன்னும் ஒரு தூக்கல்தான் பாக்கி. தண்டவாளம் இரண்டு.

ஓப்ராத்தை மறுபடி டோலாட்ஸ் பக்கம் அனுப்பினாள். யாகோடாவிடம் போய்க் காதில் ஏதோ சொல்லி, அவளுடைய காரைப் போலீஸ் காருக்கு முன்னால் போகச் சொன்னாள்.

மோமிர் வந்தான். முதுகுக்குப் பின்னால் போஷ்கோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. தடக். தடக்.

வெள்ளைப் பளீர். வெள்ளைப் பளீர்.

எதிரே போலீஸ் கார் திடீரென்று மரியாதையாக வேகம் குறைத்தது. ஓரமாக வந்து நின்றது. டானிட்சா ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சார்ஜென்ட் ஓப்ராத் இரண்டு கையாலும் பதறிப் பதறி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“முன்னால போலீஸ் நிக்குதா ஐயா?” என்று கேட்டான் போஷ்கோ, பின்சீட்டிலிருந்து இறங்காமலே.

ஓப்ராத் பெல்ட்டைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மாட்டினது மாட்டினதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். டானிட்சா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: முன்னால் போன யாகோடாவின் கார் நேராகப் போனதா, திரும்பியதா?

அவர் கண்ணைக் கசக்கினார். “யாகோடா எங்க போனா? எனக்கு இன்னும் பச்சைப் பச்சையா வட்டம்தான் தெரியுது.”

யாகோடா பழத்தோட்டப் பாதையில் திரும்பி நின்று, கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பியதை அவர் பார்க்கவே இல்லை.

டானிட்சா தலையாட்டினாள்.

ஆனால் ஓப்ராத் அவ்வளவு சீக்கிரம் மடங்குகிற ஆளில்லை. பல்பு சிமிட்டியது சரி; அதை வேண்டுமென்றே சிமிட்ட வைத்திருக்கலாமே என்றார். கொப்பரையோ திருடனோ கையில் இல்லாமல் வழக்குக் கட்டை நிறுத்த முடியாது. சனிக்கிழமை காலை என்றால் சனிக்கிழமை காலைதான்.

வெள்ளிக்கிழமை போஷ்கோவுக்குக் கிடைத்த வேலை அவன் பிறவியெடுத்த வேலை. ஊரெல்லாம் போய் ஒரு வதந்தியைப் பரப்ப வேண்டும். பழத்தோட்டப் பாதையில் இருக்கிற பாழடைந்த, பழம் உலர்த்தும் கொட்டகைகளை எல்லாம் நாளை விடிந்ததும் மோப்பநாய் விட்டுத் தேடப் போகிறார்கள் என்று. முடிவெட்டும் கடையில் சொன்னான், ரொட்டிக் கடையில் சொன்னான், காபிக் கடையில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிச் சொன்னான். மதியத்துக்குள் அதே செய்தி அவனிடமே திரும்பி வந்தது. நாய்கள் பெல்கிரேடிலிருந்து ரயிலில் வருவதாக அதில் சேர்ந்திருந்தது.

கொட்டகைகள் அந்தப் பாதையின் மேல்முனையில், டோலாட்ஸ் ரோட்டை ஒட்டி இருந்தன. மாலை, பாதையின் கீழ்முனையில், ரயில் கேட்டுக்குச் சற்று முன்னால், பிளம் மரங்களுக்கு நடுவே போலீஸ் கார் விளக்கணைத்து நின்றது. உள்ளே ஓப்ராத். பக்கத்தில், டானிட்சா வற்புறுத்திக் கூட்டிவந்த ஷிவோயின். மீசையும் கோபமும் காருக்குள் அடங்காத மனிதர். டானிட்சாவும் போஷ்கோவும் பள்ளத்தில் படுத்திருந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் மோமிர். இந்தத் தடவை நிலவறையிலிருந்து எடுத்துவந்த நிஜமான பாரத்தோடு.

“யாருக்காக அக்கா காத்திருக்கோம்?”

“கண்ணு கூசாதவனுக்கு.”

மேலே யாராவது வருவது தெரிந்ததும் அவள் போனில் ஒரு வார்த்தை சொல்வாள்; மோமிர் கிளம்பித் தண்டவாளத்தைத் தாண்டுவான். தடக் தடக், கூடவே தார்ப்பாய்க்குள் கிணுகிணுவென்று ஒரு சங்கீதம். திரும்பிப் போய் மறுபடி நிற்பான். அந்த ரோடு பிறந்ததிலிருந்து அப்படி ஒரு ஒழுக்கத்தைக் கண்டதில்லை. பாதிரியார் வந்தார், பளீர் பளீர், பாதிரியார் போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பால் லாரி வந்தது. நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. பல் டாக்டர் தன் மனைவிக்கும் சேர்த்து பெல்ட் மாட்டினார். எல்லோரும் போகிற போக்கில் மோமிருக்கு நன்றியாகக் கை தூக்கிவிட்டுப் போனார்கள். இப்படியே ஒரு வாரம் விட்டால் ஓப்ராத்துக்கு வேலை இருக்காது என்று போஷ்கோ முணுமுணுத்தான்.

பிறகு இன்னொரு வண்டி வந்தது. தடக் தடக். பளீர் பளீர்.

அது வேகம் குறைக்கவில்லை. ஒரு நொடி திகைத்தது. அப்புறம் டயர் கிறீச்சிட, பழத்தோட்டப் பாதையில் திரும்பிப் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் போலீஸ் கார் விளக்குகள் எரிந்தன.

வண்டியின் பக்கத்தில் பெரிதாக ஒரு கோதுமைக் கதிர் வரைந்திருந்தது.

“ரொட்டிக்காரனா?” என்றான் போஷ்கோ. “காலைல அவன்கிட்டதான் ரெண்டு ரொட்டி வாங்கினேன். மோப்பநாயப் பத்தி என்னைவிட அவன்தான் அதிகமாக் கவலைப்பட்டான்.”

ஓப்ராத்துக்கு முன்னால் ஷிவோயின் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். ரொட்டித் தட்டுகள் காலி. அவற்றுக்குப் பின்னால் மாவுச் சாக்குகள். சாக்குகளை இழுத்ததும் செம்பு மினுங்கியது. ஷிவோயின் கொப்பரையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஓசை சுத்தமாக வந்ததும் மீசை நடுங்கியது.

கோஸ்தாவுக்கு நாக்கு இன்னும் வேலை செய்தது. கொட்டகையில் கிடந்ததைப் பார்த்தேன், ஒப்படைக்கத்தான் கொண்டுவந்தேன், அந்த வெள்ளை வேன்காரன் போட்டுவிட்டுப் போயிருப்பான் என்றான்.

“அந்த வேன்ல நசுங்கல் எந்தப் பக்கம் கோஸ்தா?” டானிட்சா மெதுவாகக் கேட்டாள்.

“பின்கதவுல, வலது பக்கம். நான்தான் அன்னைக்கே சொன்னேனே.”

“சொன்ன. ஸ்டிக்கரும் சொன்ன. திரும்பினதையும் பார்த்த.” அவள் ஓப்ராத் பக்கம் திரும்பினாள். “நேத்து நீங்க அதே இடத்துல வந்தீங்க ஐயா. உங்க மூக்குக்கு முன்னால போன சிவப்புக் கார் எங்க போச்சுன்னு உங்களால சொல்ல முடியல. இவனுக்கு மட்டும் நசுங்கல் தெரிஞ்சுது. அந்த லைட்டுல யாருக்கும் எதுவும் தெரியாது. முன்னால எந்த வேனும் போகல; லைட்டப் பார்த்து பயந்து திரும்பினது இவனேதான். கொப்பரைய ஒளிச்சுட்டு, வெறும் ரொட்டியோட உங்ககிட்ட வந்து கதை சொன்னான்.”

ஓப்ராத் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு கோஸ்தாவைப் போலீஸ் காரின் பின்சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டார்.

அப்போதுதான் மோமிர் கிணுகிணுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். ஷிவோயின் கைகளை அகல விரித்து அவனிடம் போனார். பாதி வழியில் காது கூர்மையாயிற்று. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. வேண்டுமானால் அது சாட்சிப் பொருள் என்று சொல்லிவிடலாம் என்று போஷ்கோ வாயெடுத்தான். டானிட்சா அவன் காலை மிதித்தாள். சொல்ல வேண்டியவன் மோமிர்.

“எனக்குத்தான் மாமா,” என்றான் அவன். “ரக்கியா எனக்கு ஒத்துக்காது. விக்கல் வரும். நான் சொல்லியிருக்கணும்.”

ஷிவோயின் பாட்டில்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “கொப்பரையத் திருடியிருந்தாக்கூட, ருசி தெரிஞ்ச பையன்னு மன்னிச்சிருப்பேன்டா.”

மோமிர் தலை குனிந்தான். இன்றைக்கு அந்தப் பாரம் பின்னால் இல்லாமல் போயிருந்தால் விளக்கு தூக்கியிருக்காது, விளக்கு தூக்காமல் கோஸ்தா திரும்பியிருக்கமாட்டான், கொப்பரை நாளைக்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் துண்டு துண்டாகச் செம்பு விலைக்குப் போயிருக்கும் என்று டானிட்சா, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னாள்.

ஷிவோயின் ஒரு பாட்டிலை உருவினார். கொப்பரையின் விளிம்பில் வைத்து மூடியைத் தட்டித் திறந்தார். ஒரு மடக்குக் குடித்தார். கொப்பரைக்கு முன்னால் இப்படியொரு பாவம் செய்ததற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு, மீதியை மோமிர் கையில் கொடுத்தார்.

“ஞாயித்துக்கெழம உன் தட்டுப் பக்கத்துல வெச்சுக்கோ,” என்றார். “யாராச்சும் கேட்டா, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துன்னு சொல்லு.”